சளிக்குள் பிறந்த படிகம்

ஆஸ்துமா முற்றிய ஒருவரின் சளியில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சில சமயம் ஊசிகள் தெரியும். நிறமற்ற ஊசிகள். நடுவில் தடித்து இரு முனையிலும் கூராகச் சீவிய வடிவம். குறுக்கே வெட்டினால் அறுகோணம். பெரியவை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளம் இருக்கும். உப்பும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல, முழுக்கப் புரதம். ஆய்வகத்தில் ஒரு புரதத்தைப் படிகமாக்க ஆண்டுக்கணக்கில் போராடி, முடியாமல் கைவிட்டவர்கள் உண்டு. அதே வேலை மனித மூச்சுக்குழாய்க்குள் யாரும் கேட்காமலே நடந்து முடிகிறது.

இதற்கு ஷார்க்கோ-லைடன் படிகம் என்று பெயர். மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து, ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துபோகும் பெயர். மருத்துவமும் நூறாண்டுக்கு மேலாக இதைத்தான் செய்தது: பார்த்தது, பெயர் வைத்தது, கடந்துபோனது. இந்தப் படிகம் எப்படிப் பிறக்கிறது என்பது தெரியவந்த பிறகுதான், ஆஸ்துமாவில் ஒரு செல் சாகிறது என்பதைக் காட்டிலும் அது எந்த விதமாகச் சாகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கத் தொடங்கியது.

மனிதக் கண்ணில் இது பட்டது ஒரு சடலத்தில். 1853, பாரிஸ். லூக்கீமியாவில் இறந்துபோன ஒருவரின் இரத்தத்தையும் மண்ணீரலையும் ஆராய்ந்த ஜான் மார்டின் ஷார்க்கோவும் ஷார்ல் ரொபினும் அவற்றில் விசித்திரமான படிகங்களைக் கண்டு எழுதிவைத்தார்கள். ஷார்க்கோவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்னாளில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர். இளம் ஃப்ராய்டு பாரிஸுக்குப் பயணம் போய்ப் பாடம் கேட்டது இவரிடம்தான். ஆனால் 1853இல் அவருடைய கவனம் நரம்புகளில் இல்லை. அந்த ஆண்டு அவர் சமர்ப்பித்த ஆய்வேடு மூட்டுகளைப் பற்றியது. கீல்வாதம் என்று பொதுவாக அழைக்கப்பட்ட கூட்டத்துக்குள் யூரிக் அமிலத்தால் வரும் கௌட் எது, நாள்பட்ட மூட்டுவாதம் எது என்று பிரித்துக் காட்ட முயன்ற வேலை. கௌட் நோயில் மூட்டுக்குள் யூரேட் படிகங்கள் சேர்ந்து அழற்சியைக் கிளப்புகின்றன என்பது இன்று எல்லோரும் அறிந்தது. ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் மேசையில் இரண்டு படிக நோய்கள் கிடந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே உறவு உண்டு என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அது தெரியவர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆஸ்துமாவோடு இந்தப் படிகத்தை இணைத்தவர் எர்ன்ஸ்ட் ஃபொன் லைடன் என்ற ஜெர்மன் மருத்துவர். 1872இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் இந்த ஊசிகளைக் கண்டதைச் சொன்னது. அதோடு அவர் நிற்கவில்லை. இந்த ஊசிகளின் கூர்முனைகள் மூச்சுக்குழாய்ச் சவ்வில் இருக்கும் வேகஸ் நரம்பின் நுனிகளைக் குத்துகின்றன, அந்தக் குத்தலுக்கு எதிர்வினையாகத்தான் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன, அதுதான் இரைப்பு என்று ஒரு விளக்கத்தையும் வைத்தார். ஆஸ்துமாவை நரம்புத் தளர்ச்சியாகவே மருத்துவ உலகம் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் நோயின் காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளில் தேடியது துணிச்சலான காரியம்.

விளக்கம் நிலைக்கவில்லை. படிகம் இல்லாத ஆஸ்துமாக்காரர்கள் இருந்தார்கள். ஆஸ்துமாவே இல்லாதவர்களிடமும் படிகம் இருந்தது. குடலில் ஒட்டுண்ணி உள்ளவர்களின் மலத்தில்கூட இருந்தது. இன்றைக்கும் மலப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன்கள் இந்த ஊசிகளைக் கண்டால் ஒட்டுண்ணியைத் தேடுகிறார்கள். ஆகவே இது நோயின் காரணம் அல்ல, நோய் விட்டுப்போன குப்பை என்று முடிவாயிற்று. லைடனின் பெயர் படிகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய கருத்து உதிர்ந்துபோயிற்று.

இதற்கிடையில் 1879இல், மருத்துவப் பட்டம் வாங்கி அதிக நாள் ஆகாத பால் எர்லிக், துணிக்குச் சாயமேற்ற வந்த நிலக்கரித் தார்ச் சாயங்களை இரத்தத்தின்மேல் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார். இயோசின் என்ற சாயத்தை ஒரு வகை வெள்ளணு மட்டும் ஆசையோடு உறிஞ்சி, உள்ளே செந்நிற மணிகள் நிரம்பியதாகத் தெரிந்தது. அதற்கு ஈசினோஃபில் என்று பெயர் வைத்தார். பத்தாண்டுக்குள் ஆஸ்துமா சளியில் இந்தச் செல்கள் குவிந்து கிடப்பதை மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கே ஈசினோஃபில் கூட்டமோ அங்கே ஊசிகள் என்பதும் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

நம் பக்கத்து வீடுகளில் "ஈஸ்னோபிலியா" என்பது மிகவும் பழகிய சொல். தும்மல், மூக்கில் நீர், ராத்திரி இருமல் என்றால் இரத்தம் எடுத்துப் பார்த்து "ஈஸ்னோபிலியா ஏறியிருக்கு" என்பார்கள். இந்தச் செல்லை நமக்குப் பழக்கியதில் சென்னை மாகாணத்துக்கே ஒரு பங்கு உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், காசநோய் மாதிரியே தோன்றி, ஆனால் காசநோய் அல்லாத, இரத்தத்தில் ஈசினோஃபில் பெருகிக் கிடக்கும் ஒரு நோயை 1940இல் ஃப்ரிமொட்-மோலரும் பார்ட்டனும் விவரித்தார்கள். யானைக்கால் நோயின் புழுக்களுக்கு நுரையீரல் காட்டும் மிகையான எதிர்ப்பு அது என்பது பிறகு விளங்கியது. அந்த நோயாளிகளும் ராத்திரியில் இரைத்தார்கள். ஆஸ்துமா என்றே பலருக்கும் சொல்லப்பட்டது. ஈசினோஃபில் எந்த வாசல் வழியாக வந்தாலும் மூச்சுக்குழாயில் கூடினால் தொல்லைதான்.

சரி, ஈசினோஃபிலுக்குள் இருக்கும் எது படிகமாகிறது? இந்தக் கேள்வியில் ஆய்வாளர்கள் பலமுறை வழிதவறினார்கள். விந்துவில் கிடைக்கும் ஸ்பெர்மின் படிகங்களும் இவையும் ஒன்றுதான் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு கட்சி இருந்தது. எர்லிக் கண்ட செந்நிற மணிகளின் சரக்குதான் உறைந்து ஊசியாகிறது என்பது அடுத்த ஊகம்; 1976இல் மேயோ கிளினிக்கில் ஜெரால்ட் கிளைக்கின் குழு இரண்டையும் தனித்தனியே பிரித்து, மணிகளில் உள்ள முக்கியப் புரதம் வேறு, படிகப் புரதம் வேறு என்று நிறுவியது. பிறகு 1980களில் இது கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி என்று பாடப்புத்தகங்களில் ஏறியது. அதுவும் தவறு. 1993இல் ஸ்டீவன் அக்கர்மன் குழு மரபணுவைப் படித்தபோது, சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றும் கலெக்டின் குடும்பத்தின் சாயல் தெரிந்தது. 1995இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ரவி ஆச்சார்யாவும் அக்கர்மனும் சேர்ந்த குழு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி அதன் முப்பரிமாண வடிவத்தையே காட்டியது. நொதியின் வேலை அதற்கு இல்லை, கூடவே ஒட்டிவந்த வேறு புரதத்தின் வேலை அது என்பது 2002இல் உறுதியானது. இப்போது அதன் பெயர் கலெக்டின்-10.

இரண்டு செய்திகள் இதில் முக்கியம். ஒன்று, ஈசினோஃபில் செல்லின் மொத்தப் புரதத்தில் 7 முதல் 10 சதவீதம் வரை இந்த ஒற்றைப் புரதம்தான். மற்றொன்று, செல்லுக்கு வெளியே அனுப்பப்படும் புரதங்களுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் முகவரித் துண்டு இதற்கு இல்லை. அதாவது உயிரோடு இருக்கும் செல் இதை வழக்கமான பாதையில் வெளியே அனுப்புவதில்லை. உள்ளே கரைந்த நிலையில், எந்தத் தீங்கும் செய்யாமல், ஏராளமாகக் கிடக்கிறது. அப்படியானால் சளியில் இவ்வளவு பெரிய ஊசிகள் வர, செல்லுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

நடந்தது சாவு. ஆனால் எல்லாச் சாவும் அல்ல.

உடலில் நாளெல்லாம் கோடானுகோடி செல்கள் சாகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. காரணம், பெரும்பாலானவை ஒழுங்காகச் சாகின்றன. 1972இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி மூவரும் இந்த ஒழுங்கான சாவை விவரித்து அபோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். செல் சுருங்கும். உட்கரு இறுகி உடையும். ஆனால் வெளிச்சவ்வு கிழியாது. உள்ளே இருக்கும் சரக்கு சிந்தாது. செல் தன் மேற்பரப்பில் ‘என்னை எடுத்துக்கொள்’ என்ற அடையாளத்தைக் காட்டும். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கி செல்கள் வந்து அதை முழுசாக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட விழுங்கி செல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகளையும் சுரக்கிறது. ஆக, இந்தச் சாவு ஒரு வகையில் குணமாதலின் தொடக்கம்.

ஈசினோஃபில்களும் இப்படிச் சாகக் கூடியவை. 1992இல் ஆய்வகத் தட்டில், விழுங்கி செல்கள் அபோப்டோசிஸில் இறந்த ஈசினோஃபில்களை அடையாளம் கண்டு உண்பதைப் பார்த்தார்கள். 1996இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஆஸ்துமா மோசமாகி வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களது சளியை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி இறங்க இறங்க, அபோப்டோசிஸில் இறந்த ஈசினோஃபில்களின் பங்கு கூடியது. ஈசினோஃபிலை விழுங்கிய தடம் உள்ள மேக்ரோஃபேஜ்களும் தென்பட்டன. ஸ்டீராய்டு வெறுமனே அழற்சியை அமுக்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஈசினோஃபில்களை அமைதியான சாவின் பக்கம் தள்ளிவிடவும் செய்கிறது.

ஆனால் ஆஸ்துமா மூச்சுக்குழாயில் இந்த ஒழுங்குக்கு இரண்டு இடையூறுகள். ஐஎல்-5 என்ற சமிக்ஞைப் புரதம் அங்கே மிகுதியாக இருக்கிறது. அது இருக்கும்வரை ஈசினோஃபில் சாக மறுக்கிறது. இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காமல் திசுவுக்குள் போய்விடும் செல், அங்கே இந்தச் சமிக்ஞையின் தயவில் பல நாள் உயிரோடு திரிகிறது. மற்றொன்று விழுங்கி செல்களின் சோர்வு. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களின் நுரையீரலிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்கள், இறந்த செல்களை எடுத்துக்கொள்வதில் பின்தங்கி இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. துப்புரவு ஆள் வராத தெருவில் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் ஈசினோஃபில் வேறொரு விதமாகச் சாகிறது. வெள்ளணுக்கள் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கும் என்பது 2004இல் நியூட்ரோஃபில் செல்களில் கண்டறியப்பட்டது. அதைச் செய்து சாகும் சாவுக்கு ஈடோசிஸ் என்று பெயர். ஈசினோஃபில்களும் இப்படிச் சாகின்றன. ஜப்பானின் அகிதா பல்கலைக்கழகத்தில் ஷிகெஹாரு உவேகியின் குழு இதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. தூண்டப்பட்ட ஈசினோஃபிலில் உட்கருவின் உறை கரைகிறது. டி.என்.ஏ. பிரிந்து செல் முழுக்கப் பரவுகிறது. ஓரிரண்டு மணி நேரத்தில் வெளிச்சவ்வு கிழிகிறது. பிசுபிசுப்பான டி.என்.ஏ. நூல்கள், உடையாத செந்நிற மணிகள், கரைந்து கிடந்த கலெக்டின்-10 எல்லாம் வெளியே கொட்டுகின்றன. 2018இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் கடைசிக் கட்டமும் தெளிவாயிற்று: ஷார்க்கோ-லைடன் படிகம் உருவாவது இந்த வெடிப்புச் சாவோடுதான் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. சிதையும் செல்லில் செறிந்துபோன கலெக்டின்-10 மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஊசியாகின்றன. ஒழுங்காகச் செத்த ஈசினோஃபிலிலிருந்து இந்தப் படிகம் வருவதில்லை.

ஆக, ஷார்க்கோ சடலத்தில் கண்டதும் லைடன் சளியில் கண்டதும் ஒரே நிகழ்வின் மிச்சம். எங்கோ ஈசினோஃபில்கள் கூட்டமாக வெடித்திருக்கின்றன என்பதற்கான கல்வெட்டு.

ஈசினோஃபில்களை அங்கே அழைத்தது யார் என்று கேட்டால், அங்கேயும் ஒரு சாவு நிற்கிறது. மூச்சுக்குழாயின் உட்தோல் செல்களின் சாவு. 1962இல் பெர்னார்ட் நெய்லர், ஆஸ்துமா சளியில் மூச்சுக்குழாய் உட்தோலின் செல்கள் கொத்துக் கொத்தாக உரிந்து வருவதை விவரித்தார். அந்தக் கொத்துகளைக் கிரியோலா உருண்டைகள் என்கிறார்கள். இருமிய சளியில் உட்தோலே வந்தால் உள்ளே எவ்வளவு புண் என்று எண்ணிப் பாருங்கள். உட்தோல் செல்கள் தம் உட்கருவுக்குள் ஐஎல்-33 என்ற அபாயச் சமிக்ஞையை அடைத்துவைத்திருக்கின்றன. 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு நுட்பத்தைக் கண்டன. செல் அபோப்டோசிஸில் ஒழுங்காகச் செத்தால், அந்தச் சாவை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளே ஐஎல்-33ஐ வெட்டிச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. செல் கிழிந்து செத்தால் ஐஎல்-33 முழுசாக வெளியே வருகிறது. வந்ததும் ஐஎல்-5 சுரக்கும் செல்களை எழுப்புகிறது. ஐஎல்-5 ஈசினோஃபில்களை அழைத்து, சாகவிடாமல் காக்கிறது. அவை கூடி வெடிக்கின்றன.

உட்தோல் ஏன் உரிகிறது என்பதற்கு 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட் குழு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு காரணத்தைச் சொன்னது. இரைப்பு வரும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே இருக்கும் உட்தோல் செல்களுக்கு இடம் போதாமல் நெரிசல் ஆகிறது. நெரிசலில் செல்கள் வெளியே பிதுக்கித் தள்ளப்படுகின்றன; வேர்விட்ட இடத்தை இழந்த செல் பிறகு செத்துப்போகிறது. ஒன்றிரண்டு என்றால் அது அன்றாட வேலை. கூட்டமாகப் பிதுங்கினால் உட்தோலில் ஓட்டை விழுகிறது, அழற்சி கிளம்புகிறது. எலிகளிலும் மனித நுரையீரல் திசுத் துண்டுகளிலும் இதைக் காட்டினார்கள். எனக்கு இதில் உறைத்தது இதுதான்: இரைப்பு வந்தவுடன் நாம் இழுக்கும் சால்புட்டமால் குழாயை விரித்தது, ஆனால் உட்தோல் சேதத்தைத் தடுக்கவில்லை. நெரிசலை உணரும் செல்வாயில்களை அடைக்கும் காடோலினியம் தடுத்தது. காடோலினியத்தை மனிதர்களுக்கு இதற்காகக் கொடுக்க முடியாது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று காட்டியதுதான் அதன் பயன்.

மறுபடி படிகத்துக்கு வருகிறேன். வெடித்த செல்லின் மிச்சம் என்று தெரிந்துவிட்டது. மிச்சம் மட்டும்தானா? இதைச் சோதிக்க ஒரு பெரிய தடை இருந்தது. ஆஸ்துமா ஆய்வுக்குப் பெரிதும் நம்பியிருக்கும் எலிக்குக் கலெக்டின்-10 மரபணுவே கிடையாது. எலியின் மூச்சுக்குழாயிலும் படிகங்கள் வரும், ஆனால் அவை வேறு புரதத்தால் ஆனவை. மனிதப் படிகம் என்ன செய்கிறது என்று எலி தானாகச் சொல்லாது. குப்பை என்ற முத்திரை அவ்வளவு காலம் நீடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் எம்மா பெர்சன், பார்ட் லாம்ப்ரெஹ்ட், சவ்வாஸ் சவ்விடெஸ் ஆகியோரின் குழு அந்தத் தடையைத் தாண்டியது. நோயாளிகளின் மூக்கடைப்புக் கட்டிகளிலிருந்து வந்த சளியில் இருந்த படிகங்களை நேரடியாக எடுத்து எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படித்தார்கள். அதே படிகத்தை ஆய்வகத்தில் மரபணு வழியாகத் தயாரித்தார்கள். இரண்டும் ஒன்றே. பிறகு எலிகளின் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு விதமாகச் செலுத்தினார்கள். கரைந்த கலெக்டின்-10 ஒன்றும் செய்யவில்லை. ஊசியாகிய கலெக்டின்-10 அழற்சியைக் கிளப்பியது. கூடவே செலுத்திய தீங்கற்ற புரதத்துக்கு எதிராக ஒவ்வாமை எதிர்ப்பையே மூட்டிவிட்டது. இன்னும் ஒரு படி போனார்கள். புரதச் சங்கிலியின் 69ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை மாற்றினார்கள். மாற்றிய புரதத்தால் அடுக்க முடியவில்லை, படிகம் வரவில்லை, அழற்சியும் வரவில்லை. பொருள் ஒன்றுதான். அது ஊசியானதா இல்லையா என்பதே வேறுபாடு.

அந்த 69ஆம் இடத்தையே குறிவைத்து எதிர்ப்பொருள்களை உருவாக்கினார்கள். நோயாளியின் சளியில் இருந்த படிகங்களின்மேல் அந்த எதிர்ப்பொருளை விட்டதும், அடுக்கு நெகிழ்ந்து சில மணி நேரத்தில் ஊசிகள் கரைந்தன. மனித எதிர்ப்பாற்றல் செல்களைப் பொருத்திய எலிகளில் அதே மருந்து அழற்சியையும், சளி சுரக்கும் செல்களின் பெருக்கத்தையும், குழாயின் மிகையான இறுக்கத்தையும் குறைத்தது. 2019 மே மாதம் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளிவந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு, மனித மேக்ரோஃபேஜ்கள் இந்தப் படிகங்களை விழுங்கினால் இன்ஃப்ளமசோம் என்ற உள்ளமைப்பு விழித்து ஐஎல்-1பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் துப்புவதைக் காட்டியது. கௌட் நோயில் யூரேட் படிகம் எழுப்புவதும் இதே அமைப்பைத்தான். ஷார்க்கோவின் மேசையில் 1853இல் கிடந்த இரண்டு படிகங்களும் இங்கே சந்தித்துக்கொண்டன.

லைடன் சொன்னபடி வேகஸ் நரம்பைக் குத்துவதால் அல்ல; ஆனாலும் ஊசிகள் சும்மா கிடக்கவில்லை என்று அவர் எண்ணியது சரிதான். அவருக்குத் தெரியாதது அந்த ஊசிகளின் பிறப்பு.

நோயாளிக்கு இதன் பொருள் என்ன? கடுமையான ஆஸ்துமாவில் சிறு குழாய்களைச் சளிக்கட்டிகள் அடைத்துக்கொள்ளும். சி.டி. ஸ்கேனில் பார்த்தால் சிலரிடம் அதே கிளையில் அதே அடைப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இருமினாலும் வராது, இன்ஹேலரில் விரித்தாலும் நகராது. வெடித்த ஈசினோஃபில்களின் டி.என்.ஏ. நூலும் ஊசிகளும் சளியோடு பின்னிக்கொண்டால் அது வெறும் சளி அல்ல. மூச்சுவிட முடியாமல் விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்காரும் ஒருவருக்கு, தன் நெஞ்சில் அடைத்திருப்பது எது என்று தெரிவதே ஒரு கண்ணியம் என்று நான் நம்புகிறேன். ‘நரம்புத் தளர்ச்சி’, ‘மனசுதான் காரணம்’ என்று இரண்டு நூற்றாண்டாக அவர்களிடம் சொல்லப்பட்டதை நினைத்தால் இது சிறிய விஷயம் அல்ல.

படிகத்தைக் கரைக்கும் எதிர்ப்பொருள் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. வந்திருப்பவை வேறு முனையிலிருந்து வேலை செய்கின்றன. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெபொலிசுமாப், ஐஎல்-5ஐப் பிடித்து வைத்து ஈசினோஃபிலின் ஆயுளைக் குறைக்கிறது. 2017இல் வந்த பென்ராலிசுமாப் நேராக ஈசினோஃபிலின்மேல் ஒட்டி, கொலையாளி செல்களை அழைத்து அதை அபோப்டோசிஸ் வழியில் முடித்துவைக்கிறது. இவை விலை மிகுந்த ஊசிமருந்துகள். கடுமையான ஆஸ்துமாவுக்கு, அதிலும் ஈசினோஃபில் மிகுந்த வகைக்கு மட்டுமே. மற்ற பெரும்பாலோருக்கு, செல்லை அமைதியான சாவின் பக்கம் தள்ளும் மருந்து கைக்கெட்டும் விலையில் பல காலமாகவே இருக்கிறது: மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு.

நம் வீடுகளில் அதைத்தான் பயந்து தள்ளிவைக்கிறோம். ‘பழகிவிடும்’ என்று அம்மாக்கள் குழந்தையின் கையிலிருந்து இன்ஹேலரை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரைப்பு வந்தால் மட்டும் சால்புட்டமால். 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா, சால்புட்டமால் போன்ற விரிப்பானை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது, இழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று தன் பரிந்துரையை மாற்றியது. விரிப்பான் மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்தான தாக்குதல்கள் வருவதைப் பல ஆண்டு பார்த்தபின் எடுத்த முடிவு அது. விரிப்பான் குழாயைத் திறக்கிறது. குழாய்க்குள் எந்தச் செல் எப்படிச் சாகிறது என்பதில் அது தலையிடுவதில்லை. மூச்சு சீரானதும் குழந்தைக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். அதற்குப் பின்வரும் வாரங்களில்தான் மிஞ்சிய ஈசினோஃபில்கள் ஒன்றொன்றாக ஒடுங்க வேண்டும், விழுங்கி செல்கள் அவற்றை எடுத்து முடிக்க வேண்டும், அடித்தளச் செல்கள் பிரிந்து பெருகி உரிந்த உட்தோலை மூட வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.